ஆட்டத்தின் காரணம் தேடிய மேதை லான்செஸ்டர்

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அறுபதில் அமைதியாக வந்த கார், எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆட ஆரம்பிக்கும். சில வண்டிகளில் நூறைத் தாண்டினால் அந்த ஆட்டம் குறைந்தும் போகும். உடனே வண்டிக்குள் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அலைன்மென்ட் போச்சு என்பார் ஒருத்தர். டயரை மாத்து என்பார் இன்னொருத்தர். என்ஜின் மவுண்டிங் போயிருக்கும் என்பார் மூணாவது ஆள். ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே போனால் பர்ஸ் காலியாகும். ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஏன் இப்படி? கேட்க வேண்டிய முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்த ஆட்டம் எந்தச் சுற்றோடு சேர்ந்து வருகிறது? வீல் சுற்றுவதோடா, புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுவதோடா, கிராங்க் சுற்றுவதோடா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மோட்டார் உலகின் இரண்டு பெரிய சிக்கல்களைத் தீர்த்தவர் ஒருவர் இருக்கிறார். நம் டைனமிக்ஸ் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் டேம்பர் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறிப்போம், மார்க் வாங்குவோம், மறந்துவிடுவோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் வாழ்ந்தார். அவருக்கு டிகிரி கிடையாது. ஆனால் ஒரு பாலிடெக்னிக்குக்கே அவர் பெயரை வைத்தார்கள்! அவர்தான் ஃபிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர். அவரது வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போமா?

பிறப்பும் படிப்பும்

லான்செஸ்டர் 1868 அக்டோபர் 23-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் நாலாவது. அப்பா கட்டடக் கலைஞர். அம்மா லத்தீனும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிபோனது. நம்மைப் போலவே உப்புக் காற்றில் வளர்ந்தவர் என்று சொல்லலாம்.

சவுத்தாம்ப்டனில் ஹார்ட்லி கல்வி நிலையத்தில் படித்தார். பிறகு உதவித்தொகை பெற்று லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே என்ஜினியரிங் போதுமான அளவு இல்லை என்று பட்டதால், ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்கும் போனார். பகலில் தியரி, மாலையில் ஒர்க்ஷாப். கடைசியில் பட்டம் எதுவும் வாங்காமலே வெளியே வந்தார். கையில் சர்டிபிகேட் இல்லை. ஆனால் கை வேலையும் கணக்கும் இரண்டும் கைவந்திருந்தன. அந்தக் கூட்டணிதான் பிற்காலத்தில் அவரை உயர்த்தியது.

ஒப்பந்தத்தில் அடித்த ஒரு கோடு

1888-ல் காப்புரிமை வரைபடங்கள் வரையும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. வாரம் 3 பவுன் சம்பளம். அந்த வேலையில் இருக்கும்போதே, படத்தில் சீரான இடைவெளியில் சாய்கோடு போடுவதற்கு ஒரு கருவி செய்து காப்புரிமை வாங்கிவிட்டார். என்ஜினியரிங் டிராயிங் ஹாலில் ஹேட்சிங் போட்டுக் கை வலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்!

அதே வருடக் கடைசியில் பர்மிங்காம் பக்கத்தில் சால்ட்லி என்ற இடத்தில் ஒரு கேஸ் என்ஜின் கம்பெனியில் உதவி ஒர்க்ஸ் மேனேஜராகச் சேர்ந்தார். வயசு இருபது. வேலை ஒப்பந்தத்தில், அவர் கண்டுபிடிக்கும் முன்னேற்றம் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். அடுத்த வருடமே என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெண்டுல கவர்னர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கம்பெனி தன் என்ஜினில் மாட்டிய ஒவ்வொரு கவர்னருக்கும் அவருக்கு 10 ஷில்லிங் கொடுத்தது. அடித்த கோடு வீண் போகவில்லை.

1890-ல் இன்னொரு கருவி. வண்டி வேகமெடுப்பதையும் பிரேக் பிடிப்பதையும் ஒரு பெண்டுலத்தை வைத்துப் பதிவு செய்யும் முடுக்கமானி அது. அந்தக் காலத்தில் வண்டி குலுங்குகிறது, இழுக்கிறது என்று சொல்வது எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் அனுபவத்தை வைத்துத்தான். லான்செஸ்டர் அதைக் காகிதத்தில் கோடாக வரையவைத்தார். அனுமானத்தை அளவாக மாற்றும் இந்தப் பழக்கம்தான் அவருடைய வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது.

இரண்டு கிராங்க் ஷாஃப்ட் என்ஜின்

1895-ல் லான்செஸ்டர் தன் முதல் காரைக் கட்டி முடித்தார். 1896-ல் அது ரோட்டில் ஓடியது. முழுக்க பிரிட்டனிலேயே வடிவமைத்துச் செய்த முதல் நாலு சக்கர பெட்ரோல் கார் அது என்று வரலாறு சொல்கிறது. மற்றவர்கள் குதிரை வண்டியில் என்ஜினைத் தூக்கி வைத்தபோது இவர் முதல் போல்ட்டிலிருந்து காராகவே சிந்தித்தார்.

ஒற்றை சிலிண்டர் என்ஜின் வண்டியைப் போட்டு உலுக்கியது. சக்தியும் போதவில்லை. லான்செஸ்டர் என்ஜினைக் கழட்டிப் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்தார். ஆட்டம் எங்கிருந்து பிறக்கிறது? பிஸ்டன் ஒரு பக்கம் போகும்போது என்ஜின் மறு பக்கம் உதைக்கிறது. கிராங்க் வலமாகச் சுற்றும்போது என்ஜின் உடம்பு இடமாகத் திமிறுகிறது. அப்படியானால் எதிர்ப்பக்கம் போக இன்னொரு பிஸ்டன் வேண்டும். எதிர்த்திசையில் சுற்ற இன்னொரு கிராங்க் வேண்டும்!

அப்படியே செய்தார். எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு சிலிண்டர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிராங்க் ஷாஃப்ட்டுகள். ஒன்று வலச்சுற்று, ஒன்று இடச்சுற்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிளைவீல். இரண்டு பிஸ்டனுக்கும் சேர்த்து ஆறு கனெக்டிங் ராடுகள். ரெண்டு பிஸ்டனுக்கு ஆறு ராடா என்று இன்று சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காலத்தில் மற்ற கார்கள் நின்ற இடத்தில் குதித்தபோது இவருடைய கார் அமைதியாக உறுமிக்கொண்டு நின்றது.

1899 டிசம்பரில் சகோதரர்களோடும் பங்குதாரர்களோடும் லான்செஸ்டர் என்ஜின் கம்பெனி தொடங்கியது. அங்கே லிமிட் கேஜ் வைத்து அளந்து, எந்தப் பாகத்தை எடுத்தாலும் எந்த வண்டிக்கும் பொருந்தும்படி செய்தார்கள். ஃபைலை வைத்துத் தேய்த்துப் பொருத்தும் காலத்தில் இது பெரிய புரட்சி. 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் அதை நம்பிக் காரில் மாட்டுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

நடையோடு ஒத்துப்போகும் ஸ்பிரிங்

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். லான்செஸ்டர் எல்லா ஆட்டத்தையும் ஒழிக்க நினைக்கவில்லை. மனிதன் நடக்கும்போதும் உடம்பு ஏறி இறங்குகிறது; ஆனால் அது நமக்கு உறுத்துவதில்லை, பிறந்ததிலிருந்து பழகிவிட்டது. அந்த நடைக்கு ஒத்த மெதுவான வேகத்தில் கார் ஸ்பிரிங் ஆடினால் பயணிக்கு அலுப்பு வராது என்று கணக்குப் போட்டு ஸ்பிரிங்கை அமைத்தார். எந்த ஆட்டத்தை விட்டுவிடலாம், எதை வேரோடு பிடுங்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்தார். மெக்கானிக்குக்கு வேண்டிய முதல் அறிவு இதுதானே!

நல்ல காராக இருந்தும் முதலீடு பற்றவில்லை. ஆர்டர் கையில் இருந்தபோதே 1904-ல் கம்பெனி கடன்காரர்கள் கைக்குப் போனது. பிறகு லான்செஸ்டர் மோட்டார் கம்பெனி என்ற பெயரில் மீண்டு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் மெல்ல அவர் கையை விட்டு நழுவியது. தம்பி ஜார்ஜ் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இவர் 1909-லிருந்து டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார்.

முறுக்கி ஒடியும் கிராங்க்

அப்போது ஆறு சிலிண்டர் என்ஜின் புதுசு. சக்தி அதிகம், ஓட்டம் மென்மை. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் என்ஜின் பயங்கரமாக அதிரும். சில கம்பெனிகளின் என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டே ஒடிந்து விழுந்தது. ஷாஃப்ட்டைத் தடிமனாக்கிப் பார்த்தார்கள். பேரிங்கைக் குறை சொன்னார்கள். இரும்பைக் குறை சொன்னார்கள்.

லான்செஸ்டர் பார்த்தது வேறு. கிராங்க் நீளமாகிவிட்டது. துணியைப் பிழியும்போது முறுக்குவது போல ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பும் அதை ஒரு முறுக்கு முறுக்கி விடுகிறது. முறுக்கிய ஷாஃப்ட் திரும்பி வருகிறது. அப்படி முறுக்கி அவிழ்வதற்கு அந்த ஷாஃப்ட்டுக்கென்று சொந்தமான ஒரு வேகம் உண்டு. வெடிப்பு விழும் வேகமும் அந்தச் சொந்த வேகமும் சேர்ந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி விட்ட கதைதான். ஆட்டம் ஏறிக்கொண்டே போய் இரும்பு ஒடிகிறது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகிவிட்டது. கிராங்க்கின் முன் முனையில் ஒரு சின்ன ஃபிளைவீலை மாட்டினார். அது ஷாஃப்ட்டோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. எண்ணெயில் நனைந்த தட்டுகள் வழியாக வழுக்கும்படி இருந்தது. கிராங்க் சீராகச் சுற்றினால் அதுவும் கூடவே சுற்றும். கிராங்க் முன்னும் பின்னும் முறுக்கினால் சின்ன ஃபிளைவீல் தன் பாட்டுக்குச் சீராகப் போகும். இரண்டுக்கும் நடுவில் உரசல் வரும். அந்த உரசலில் ஆட்டத்தின் சக்தி சூடாகிக் கரைந்துவிடும். இதுதான் லான்செஸ்டர் டேம்பர். இன்று நம்ம ஒர்க்ஷாப்பில் ஆறு சிலிண்டர் லாரி என்ஜினைப் பிரிக்கும்போது முன்னால் கனமான ஒரு வட்டத்தைக் கழற்றி வைக்கிறோமே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வாரிசுதான்.

நாலு சிலிண்டரின் ரகசியம்

அடுத்தது நாலு சிலிண்டர். இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகிறது. கணக்குப்படி ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். ஆனாலும் வேகத்தில் ஒரு மெல்லிய கிறுகிறுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஏன்?

கனெக்டிங் ராடு சாய்வதால்! கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று வந்ததும் பிஸ்டன் பாதி தூரம்தான் வந்திருக்கும் என்று நினைப்போம். உண்மையில் பாதிக்கு மேல் வந்துவிடும். மேலிருந்து இறங்கும் இரண்டு பிஸ்டனும், கீழிருந்து ஏறும் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் ஒரே தூரம் போவதில்லை. அந்த வித்தியாசம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்ஜினை மேலும் கீழும் உதைக்கிறது. 3,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 உதை.

ஒரு சுற்றுக்கு இரண்டு உதையா? அப்படியானால் கிராங்க்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும் எடை வேண்டும் என்றார் லான்செஸ்டர். ஒரு பக்கம் கனமான இரண்டு ஷாஃப்ட்டுகளை எதிரெதிர்த் திசையில் அந்த வேகத்தில் சுற்றவிட்டார். பக்கவாட்டு விசை ஒன்றையொன்று தின்றுவிடும். மேல் கீழ் விசை மட்டும் மிஞ்சி என்ஜினின் உதையைத் தின்றுவிடும். 1922-ல் வந்த வாக்ஸ்ஹால் 23-60 காரில் இந்த ஏற்பாடு இருந்தது. பிறகு பல வருடம் தூங்கிக் கிடந்த இந்த யோசனையை 1970-களின் நடுவில் மிட்சுபிஷி மெருகேற்றிக் கொண்டுவந்தது. போர்ஷே கம்பெனி 944 காருக்கு அந்த உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது. பேலன்ஸர் ஷாஃப்ட் என்று இன்று நாம் படிப்பது இதுதான்.

இரண்டு இடத்திலும் அவர் செய்தது ஒன்றே ஒன்று. ஆட்டத்தை எண்ணினார், அந்த எண்ணோடு எது சுற்றுகிறது என்று தேடினார். பொருளை மாற்றியது அதற்குப் பிறகுதான்.

நம்ம ரோட்டில் அந்தப் பாடம்

இதை அப்படியே மரக்காணம் ரோட்டுக்குக் கொண்டு வருவோம். 12 அங்குல ரிம் போட்ட சின்னக் கார் ஒன்று 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நொடிக்கு 25 மீட்டர். டயர் ஒரு சுற்றில் சுமார் 1.55 மீட்டர் உருளும். ஆக நொடிக்கு 16 சுற்று. அந்த ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? மைய விலக்கு விசைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ விசை வருகிறது! நொடிக்கு 16 தடவை அது அச்சைப் பிடித்து உலுக்குகிறது. 45 வேகத்தில் அதே எடையின் விசை நாலில் ஒரு பங்குதான். ஊருக்குள் தெரியாத கோளாறு ஹைவேயில் தெரிவது இதனால்தான்.

இன்னொன்று. வீலும் அச்சும் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு துள்ளுவதற்கும் ஒரு சொந்த வேகம் உண்டு. பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. வீலின் சுற்று அதற்குப் பக்கத்தில் வரும்போது ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. அதைத் தாண்டினால் குறைகிறது. குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து மிதிக்கக் கூடாது. கோளாறு அங்கேயேதான் இருக்கிறது, பேரிங் அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழியை வரிசையாகச் சொல்கிறேன்:

1. ஆட்டம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங் கையில் ஆடினால் முதலில் முன் வீல்களைப் பாருங்கள். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் வீல்கள் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட் மேல் சந்தேகப்படலாம்.

2. ரோடு வேகத்தோடா, என்ஜின் வேகத்தோடா? காலியான நேரான ரோட்டில், ஓட்டத் தெரிந்தவர் ஓட்ட, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். கிராங்க் வேகம் மாறிவிட்டது. வீல் வேகம் மாறவில்லை. ஆட்டம் அப்படியே இருந்தால் என்ஜினை விட்டுவிடுங்கள். ஆட்டம் மாறினால் என்ஜின், கிளட்ச், மவுண்டிங் பக்கம் போங்கள்.

3. எத்தனை தடவை? வீல் ஆட்டம் குடுகுடுவென்று எண்ணிவிடலாம் போல இருக்கும். பின் வீல் டிரைவ் வண்டியில் ரியர் ஆக்சில் விகிதம் 4 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நாலு மடங்கு வேகத்தில் சுற்றும். அது ஆடினால் எண்ண முடியாது, ரீங்காரமாகக் காதிலேயே விழும். யு.ஜே. கிராஸ் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? அப்படியானால் டிஸ்க் கோணியிருக்கும் அல்லது டிரம் ஓவல் ஆகியிருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டுமா? டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

5. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகு வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். கையால் சுற்றிவிட்டுப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால் ரிம் வளைவும் டயர் வீக்கமும் தெரிந்துவிடும். இருந்தால் டயல் கேஜ் வையுங்கள்.

6. முன் வீல்களைப் பின்னாலும் பின் வீல்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். ஆட்டம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி வீலும் டயரும்தான். காசு செலவில்லாத சோதனை!

அலைன்மென்ட் என்று எல்லாரும் சொல்கிறார்களே? அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுவதற்குப் பெரும்பாலும் பேலன்ஸ்தான் காரணம்.

உப்புக் காற்றின் வேலை

நம்ம பகுதிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. உப்பளத்து ஈரக்காற்றும் உப்பு மண்ணும் இரும்பைச் சும்மா விடுவதில்லை. பேலன்ஸ் எடையை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்னக் கிளிப் துருப்பிடித்து, எடை ரோட்டில் விழுந்துவிடும். நேற்று பேலன்ஸ் செய்த வீல் இன்று ஆடும். அடுத்து, ஹப் முகத்தில் துரு பொருக்குத் தட்டும். அதன் மேலேயே வீலை வைத்து நட் முடுக்கினால் வீல் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். மெஷினில் சரியாக இருந்த வீல், வண்டியில் மாட்டியதும் வாபிள் அடிப்பது இதனால்தான். வயர் பிரஷ் போட்டு ஹப்பைச் சுத்தம் செய்து, நட்டுகளை எதிர் எதிராக முடுக்கினால் தீர்ந்தது. ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்து கிடக்கும் சேற்றையும் மறக்காமல் தட்டிவிடுங்கள். 30 கிராம் என்ன செய்யும் என்று மேலேதான் பார்த்தோமே!

ஆகாயத்திலும் ஒரு கால்

மறுபடி லான்செஸ்டருக்கு வருவோம். காரோடு அவர் நிற்கவில்லை. இறக்கை எப்படி விமானத்தைத் தூக்குகிறது என்ற ஆராய்ச்சியை, ரைட் சகோதரர்கள் பறப்பதற்குப் பல வருடம் முன்பே, 1890-களில் தொடங்கினார். அவர் கட்டுரையை அன்றைய அறிஞர் சபை ஏற்கவில்லை. பத்து வருடம் பொறுத்து 1907-லும் 1908-லும் இரண்டு பெரிய நூல்களாக வெளியிட்டார். பிற்காலத்தில் ஜெர்மனியின் பிராண்டில் வளர்த்தெடுத்த இறக்கைக் கொள்கையில் லான்செஸ்டரின் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. 1916-ல் போரில் படை பலத்தைக் கணக்கிடும் விதி ஒன்றையும் நூலில் விளக்கினார். 1922-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. கவிதையும் எழுதினார்!

அவருடைய குடும்பத்துக்கும் நம்ம நாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆல்வார், நவாநகர் மகாராஜாக்கள் லான்செஸ்டர் கார்களை விரும்பி வாங்கியவர்கள். அண்ணன் ஹென்றி வான் லான்செஸ்டர் கட்டடக் கலைஞர். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனை அவர் வடிவமைப்பு. சென்னை மாகாண நகர்களின் அமைப்பைப் பற்றி 1918-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தம்பி என்ஜினைச் சீராக்கினார், அண்ணன் நம்ம ஊர்த் தெருக்களைச் சீராக்க யோசனை சொன்னார்!

கடைசிக் காலம்

இவ்வளவு செய்தவர் கோடீஸ்வரராக இருந்திருப்பார் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை நண்பர்களே. நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. காசு வரவில்லை. பல யோசனைகள் காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டன. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகுதான் உலகம் அவற்றைத் தேடி வந்தது. 1919-ல் டொரதியா கூப்பர் என்பவரை மணந்தார். குழந்தைகள் இல்லை. டெய்ம்லரோடு இருந்த தொடர்பும் 1930-ஐ ஒட்டி முடிந்தது. 1931-ல் குடும்பப் பெயர் தாங்கிய கார் கம்பெனியும் கைமாறியது.

1934-ஐ ஒட்டி உடல்நலம் தளர ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் வந்தது. கண் பார்வை மங்கியது. வாழ்நாள் முழுக்க இயந்திரத்தின் நடுக்கத்தை அடக்கியவரின் கைகளையே நடுக்கம் பிடித்துக்கொண்டது. இதற்கு என்ன சொல்வது! அறக்கட்டளைகளின் உதவியில்தான் கணவனும் மனைவியும் நாட்களைத் தள்ளினார்கள். 1941-லும் 1945-லும் பொறியாளர் சங்கங்கள் தங்கப் பதக்கம் கொடுத்தன. பதக்கம் வந்தது, வசதி வரவில்லை. 1946 மார்ச் 8-ஆம் தேதி பர்மிங்காமில் தன் வீட்டில் காலமானார். வயது 77.

பாலிடெக்னிக்குக்கு ஒரு பெயர்

1970-ல் இங்கிலாந்தின் கார் நகரமான கோவன்ட்ரியில் கல்லூரிகளை இணைத்து ஒரு பாலிடெக்னிக் உருவானபோது அதற்கு லான்செஸ்டர் பாலிடெக்னிக் என்று பெயரிட்டார்கள். 1987-ல் பெயர் மாறி, 1992-ல் அது கோவன்ட்ரி பல்கலைக்கழகமானது. அங்கே நூலகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பட்டம் வாங்காதவரின் பெயரின் கீழ் உட்கார்ந்து பட்டப்படிப்புப் படிக்கிறார்கள்!

நம் மண்ணிலும் இப்படி ஒருவர் உண்டு. கோவை ஜி.டி.நாயுடு. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டு 300 ரூபாய்க்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ் ஓட்டத் தொடங்கி, 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாக இருந்தவர். அவரிடமும் டிகிரி இல்லை. பிரித்துப் பார்க்கும் துணிவு இருந்தது.

டிப்ளமோதானே என்று நம்மைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கலாம். நாமே அப்படி நினைத்துத் தலை குனியவும் செய்கிறோம். நண்பர்களே, ஒரு கார் எண்பதில் ஆடுகிறது என்று ஒருத்தர் நம்மிடம் வந்து நிற்கும்போது, அந்த வண்டியில் அவர் பிள்ளை குட்டிகளோடு போகிறார். அவருக்கு நம் சர்டிபிகேட்டைப் பற்றிக் கவலை இல்லை. தேவையில்லாமல் நாலு டயரை மாற்றச் சொல்லி அவர் காசைக் கரைக்கப் போகிறோமா? ஆடும் பால் ஜாயின்ட்டைப் பார்க்காமல் விட்டு அவரை ஆபத்தில் தள்ளப் போகிறோமா? இல்லை, அஞ்சு நிமிஷம் நின்று, எண்ணிப் பார்த்து, எது எதோடு சுற்றுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லப் போகிறோமா? நம் படிப்பின் மதிப்பு அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் இருக்கிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேள்வியை எடுங்கள். லான்செஸ்டருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே!

வாழ்க உழைப்பு! வளர்க நம் தொழிற்கல்வி!